பைக்கால்ஸ்க் கூழ் ஆலை: உலகின் மிக ஆழமான ஏரிக்கரையில் 47 ஆண்டுகள்

பைக்கால் ஏரியைப் பற்றி யார் எழுதினாலும் முதல் பத்தியிலேயே எண்கள் வந்து நிற்கும். ஆழம் 1,642 மீட்டர். உலகில் வேறெந்த ஏரியும் இதைத் தொடவில்லை. இரண்டாம் இடத்தில் உள்ள ஆப்பிரிக்காவின் தாங்கனிக்கா 1,470 மீட்டர்தான். நீரின் அளவு சுமார் 23,600 கன கிலோமீட்டர். வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகளையும் ஒன்றாகச் சேர்த்தாலும் அவ்வளவு வராது. பூமியின் மேற்பரப்பில் உறையாமல் இருக்கும் நன்னீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சைபீரியாவின் இந்த ஒரே பள்ளத்தில் கிடக்கிறது.

இந்த எண்களுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. 1966 முதல் 2013 வரை ஏரியின் தென்கரையில் ஓடிய, மரத்திலிருந்து செல்லுலோஸ் கூழ் எடுக்கும் ஓர் ஆலைக்கு வாய்த்த மிகத் திறமையான வக்கீல்கள் இவைதான். இவ்வளவு பெரிய ஏரியை ஒரே ஓர் ஆலை என்ன செய்துவிடும் என்ற கேள்வியை மாஸ்கோவின் அமைச்சகங்கள் 47 ஆண்டுகளும் விதவிதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தன. அந்த ஆலையின் கதையைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். சோவியத் காலத்தில் பொதுமக்களும் விஞ்ஞானிகளும் வெளிப்படையாக எதிர்த்த முதல் பெரிய தொழில் திட்டங்களில் இது ஒன்று. மூடியும் முடியாத வழக்கு என்பதால் இன்றும் பேசவேண்டியிருக்கிறது.

ஒரு வகுத்தல் கணக்கு

அந்தக் கேள்வியை முதலில் நியாயமாகவே எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக, ஆலை நாளுக்கு 1 லட்சம் கன மீட்டர் கழிவுநீர் விடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 0.0365 கன கிலோமீட்டர். 47 ஆண்டுகளுக்குச் சுமார் 1.7 கன கிலோமீட்டர். ஏரியின் மொத்த நீரில் இது 0.007 சதவீதம். நூற்றில் ஒரு பங்குகூட அல்ல, பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. இப்படிப் பார்த்தால் ஆலைக்கு எதிராகப் பேசியவர்கள் எல்லாரும் வீணாகக் கூச்சல் போட்டவர்களாகத் தெரிவார்கள்.

ஆனால் 23,600-ஆல் வகுப்பதற்கு, கழிவுநீர் ஏரி முழுவதும் சீராகக் கலக்கவேண்டும். அப்படிக் கலப்பதில்லை. ஏரியின் நீளம் 636 கிலோமீட்டர். ஆலை இருந்ததோ தெற்கு மூலையில். குழாய் முடிந்த இடத்தில் கழிவு கரையோரமாகவே பரவி, கனமானவை அடியில் படியும். பைக்காலுக்கே உரிய உயிரினங்களில் பெரும்பகுதி வாழ்வதும் கரையை ஒட்டிய ஆழம் குறைந்த பட்டையில்தான். ஏரியின் பரப்போடு ஒப்பிட்டால் அது ஓர் ஒடுங்கிய விளிம்பு. கழிவைத் தாங்கவேண்டியது அந்த விளிம்பு. கணக்கில் வகுக்கப்பட்டதோ முழு ஏரி.

இரண்டாவது விஷயம், நீர் தங்கும் காலம். பைக்காலுக்குள் 300-க்கும் மேற்பட்ட ஆறுகள் வந்து விழுகின்றன. வெளியே போவது அங்காரா மட்டும். உள்ளே வரும் ஒரு துளி வெளியேறச் சராசரியாக 330 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இதோடு ஈரி ஏரியை வைத்துப் பாருங்கள். 1960-களில் அதைச் செத்த ஏரி என்றே அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. 1972-இல் அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் போட்டுப் பாஸ்பரஸைக் குறைத்ததும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நீர் தெளிந்தது. (பிறகு பாசி திரும்பி வந்தது, அது வயல் உரத்தின் தனிக்கதை.) அங்கே நீர் தங்கும் காலம் மூன்று ஆண்டுகூட இல்லை. சின்ன ஏரி சீக்கிரம் கெடும், திருத்தினால் சீக்கிரம் தேறும். பைக்கால் மெதுவாகக் கெடும். தேறுவதைப் பார்க்க, கெடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இருக்கமாட்டார்கள்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. தாங்கனிக்காவில் மேலடுக்கைத் தாண்டினால் ஆக்சிஜன் கிடையாது. கீழே உள்ள நீரில் மீனோ நத்தையோ வாழமுடியாது. பைக்காலில் குளிர்ந்த நீர் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே இருப்பதால் அடிமட்டம் வரை ஆக்சிஜன் உண்டு. 1,600 மீட்டர் ஆழத்திலும் உயிர்கள் உண்டு. ஆகவே இந்த ஏரியில் ஆழத்தில் தள்ளிவிட்டால் போயிற்று என்று சொல்ல இடமில்லை.

அப்புறம் அந்தப் பெயர்பெற்ற தெளிவு. வசந்த காலத்தில் 40 மீட்டர் வரை கீழே தெரியும். பாறைகளின் தன்மையால் நீரில் உப்புகள் குறைவு, லிட்டருக்கு நூறு மில்லிகிராமை ஒட்டித்தான். மீதி வேலை உயிர்களுடையது. எபிஷுரா பைக்காலென்சிஸ் என்ற, ஒன்றரை மில்லிமீட்டர் அளவுள்ள ஓட்டுயிரி நுண்பாசிகளையும் பாக்டீரியாக்களையும் இடைவிடாமல் வடிகட்டித் தின்கிறது. ஏரியின் விலங்கு மிதவையுயிரிகளின் எடையில் பெரும்பங்கு இந்த ஓர் இனம்தான். கரையோரப் பாறைகளில் பச்சைக் கடற்பஞ்சுகள் இதே வேலையைச் செய்கின்றன. நீரின் தூய்மை ஒவ்வொரு நாளும் இவற்றால் உற்பத்தியாகிறது என்று ஆகும்போது, எவ்வளவு நீர் இருக்கிறது என்பது பின்னுக்குப் போய், இந்தச் சின்ன உயிர்களுக்கு என்ன ஆகிறது என்பதே பிரச்சினையாகிறது.

விமான டயருக்காக

ஆலைக்குப் பைக்காலைத் தேர்ந்தெடுத்ததே நீர் சுத்தமாக இருக்கிறது என்பதால்தான். 1950-களில் சோவியத் இராணுவத்துக்கு வேகமான, கனமான விமானங்கள் வந்துகொண்டிருந்தன. அவை தரையிறங்கும்போது தாங்கக்கூடிய டயர்களுக்கு உள்ளே மிக உறுதியான விஸ்கோஸ் இழை வேண்டும். அந்த இழைக்கு, சாம்பலும் உப்பும் ஏறக்குறைய இல்லாத உயர்தரச் செல்லுலோஸ் கூழ் வேண்டும். அதைக் கழுவ உப்பில்லாத நீர் மலைமலையாக வேண்டும். பக்கத்திலேயே காடு, சைபீரிய இரயில்பாதை, ஹமார்-தாபான் மலையடிவாரத்தில் தட்டையான கரை. திட்டம் போட்டவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

1961-இல் பைக்கால்ஸ்க் குடியிருப்பு உருவானது. 1966-இல் ஆலை ஓடத் தொடங்கியபோது அது நகரமாகவும் அறிவிக்கப்பட்டது.

இதில் மோசமான பகுதி, ஆலை முடிவதற்குள்ளேயே டயர் தொழில் வேறு பக்கம் போய்விட்டது. நைலான் போன்ற செயற்கை இழைகள் விஸ்கோஸைப் பின்னுக்குத் தள்ளின. எந்தக் காரணத்தைச் சொல்லி எல்லா ஆட்சேபங்களையும் ஒதுக்கினார்களோ அந்தக் காரணம் கதவு திறக்கும் முன்னே வலுவிழந்துபோனது. இருந்தும் யாரும் நிறுத்தவில்லை. கட்டிடம் எழும்பிவிட்டது, நகரம் வந்துவிட்டது, அமைச்சகத்தின் பெயர் அதில் இருந்தது. பிற்காலத்தில் அந்தக் கூழில் பெரும்பகுதி சீனாவின் துணி ஆலைகளுக்குப் போனது.

எதிர்ப்பு ஆலைக்கு முன்பே தொடங்கியது. 1958-இல் அங்காரா ஏரியை விட்டு வெளியேறும் வாயையே வெடிவைத்து ஆழப்படுத்தி, ஏரி நீரை நீர்மின் நிலையங்களுக்குக் கூடுதலாக இறக்கலாம் என்று ஒரு பொறியியல் யோசனை வந்தது. இன்று கேட்டால் விளையாட்டாகத் தோன்றும். அன்று தீவிரமாகத்தான் பேசினார்கள். பக்கத்துப் பெருநகரமான இர்கூட்ஸ்கின் எழுத்தாளர்களும் விஞ்ஞானிகளும் பத்திரிகையில் எழுதி அதை எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. பைக்காலுக்காகப் பேசலாம், பேசினால் கேட்பார்கள் என்ற துணிச்சல் அங்கிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன்.

ஏரிக்கரை ஊரான லிஸ்ட்வியாங்காவில் இருந்த ஏரியியல் நிறுவனத்தின் தலைவர் கிரிகோரி கலாஸி 1961 டிசம்பரில் 'கம்சமோல்ஸ்கயா பிராவ்தா' நாளிதழில் பைக்கால் ஆபத்தில் இருக்கிறது என்று எழுதினார். அரசு நிறுவனத்தின் தலைமையில் இருக்கும் ஒருவர் அரசுத் திட்டத்தை எதிர்த்து நாடு முழுவதும் வாசிக்கும் பத்திரிகையில் எழுதுவது அன்று சாதாரண விஷயமல்ல. நிலநடுக்கப் பகுதியில் ஆலை கட்டுகிறார்கள் என்பது எதிர்த்தவர்களின் முக்கிய வாதங்களில் ஒன்று. இது மிகைப்படுத்தல் இல்லை. பைக்கால் என்பதே இன்னும் விரிந்துகொண்டிருக்கும் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு. 1862 ஜனவரியில் வந்த நிலநடுக்கத்தில் செலெங்கா ஆற்றின் கழிமுகத்தில் இருநூறு சதுர கிலோமீட்டர் அளவிலான நிலம் ஏரிக்குள் இறங்கி ஒரு விரிகுடாவே உண்டானது. 2008 ஆகஸ்டிலும் தெற்குப் பைக்காலில் ரிக்டர் 6-க்கு மேல் ஒரு நிலநடுக்கம் ஆலைக்குப் பக்கத்திலேயே வந்தது.

1966-இல் ஆலை திறக்கும் ஆண்டில் எதிர்ப்பு உச்சத்துக்குப் போனது. கம்யூனிஸ்ட் கட்சியின் 23-ஆவது மாநாட்டு மேடையிலேயே எழுத்தாளர் மிகயீல் ஷோலகவ் பைக்காலைப் பற்றிப் பேசினார். இயற்பியலாளர் கபீட்சா உள்ளிட்ட விஞ்ஞானிகள் கையெழுத்திட்ட கடிதம் வெளியானது. அடுத்த ஆண்டு அணு இயற்பியலாளர் அந்திரேய் சகாரவ் நேரடியாக நாட்டின் தலைவர் பிரெஷ்னெவுக்கே தொலைபேசியில் பேசிப்பார்த்தார். எதிர்த்தரப்பிலும் விஞ்ஞானிகள் இருந்தார்கள். வேதியியல் அறிஞர் நிக்கலாய் ஷவரன்கோவ் போன்றவர்கள் சுத்திகரிப்பு ஏற்பாடுகள் போதும் என்று உறுதி சொன்னார்கள். அரசுக்குத் தேவைப்பட்டதும் அந்த உறுதிமொழிதான்.

உள்ளே என்ன நடந்தது

மரத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி, காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் கலந்த கரைசலில் உயர் அழுத்தத்தில் வேகவைப்பார்கள். மரத்தின் நார்களைப் பிடித்து வைத்திருக்கும் லிக்னின் கரைந்து கறுப்புச் சாறாகப் பிரியும், செல்லுலோஸ் மிஞ்சும். மரத்தின் எடையில் பாதிக்கும் குறைவுதான் கூழாக வெளியே வரும். கந்தகச் சேர்மங்கள் காற்றில் கலக்கும்போது அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம். பைக்கால்ஸ்க்கைக் கடந்துபோகும் இரயில் பயணிகளுக்கு ஊர் வருவது மூக்கிலேயே தெரிந்துவிடுமாம்.

சிக்கல் அடுத்த கட்டத்தில். கூழை வெளுக்கக் குளோரின் சேர்ப்பார்கள். மீதமிருக்கும் லிக்னினோடு குளோரின் சேரும்போது கரிமக் குளோரின் சேர்மங்கள் உண்டாகும். மிகச் சிறு அளவில் டையாக்சின்களும் வரும். இவை எளிதில் சிதையாதவை. கொழுப்பில் சேர்ந்து உணவுச் சங்கிலியில் மேலே ஏறுபவை. பைக்காலில் அந்தச் சங்கிலியின் உச்சியில் இருப்பது நெர்பா என்ற நன்னீர்ச் சீல். அது தின்பதோ உடலில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கொழுப்பாக இருக்கும் கலமியான்கா மீனை. நீரில் கரைந்துபோகும் நஞ்சாக இருந்தால் 23,600 கன கிலோமீட்டர் ஏதோ கொஞ்சம் கைகொடுக்கும். கொழுப்பைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் நஞ்சிடம் அந்த எண் செல்லாது.

ஆலைக்கு ஒரு நியாயமும் சொல்லியாக வேண்டும். அன்றைய சோவியத் தரத்துக்கு அங்கிருந்த சுத்திகரிப்பு மிக விரிவானது. பாக்டீரியாக்களால் ஒரு கட்டம், ரசாயனத்தால் ஒரு கட்டம், பிறகு வடிகட்டல், பிறகு காற்றூட்டும் குளங்கள். வெளியேறும் நீரின் பழுப்பு நிறத்தைப் போக்க அலுமினிய சல்பேட்டைச் சேர்த்து லிக்னினைத் திரட்டி வீழ்த்தினார்கள். அப்படி வீழ்ந்த கொழகொழப்பான கசட்டைக் கரையிலேயே பெரிய குழிகளில் கொட்டினார்கள். ஏரிக்குள் போகாமல் தடுத்த அழுக்கு ஏரிக்குப் பக்கத்திலேயே குவிந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வழக்கின் கடைசி அத்தியாயம் இந்தக் குழிகளைப் பற்றியதுதான்.

எல்லாப் பழியையும் ஆலைமேல் போட்டுவிடவும் முடியாது. 1987-88-இல் ஆயிரக்கணக்கான நெர்பாக்கள் செத்து ஒதுங்கியபோது கை உடனே ஆலையை நோக்கித்தான் நீண்டது. சோதித்ததில் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் என்று தெரிந்தது. நஞ்சு சேர்ந்த உடலில் எதிர்ப்புசக்தி குறைந்திருக்கலாம் என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் கொன்றது வைரஸ். ஏரிக்குள் வரும் ஆற்றுநீரில் பாதியைக் கொண்டுவரும் செலெங்கா, மங்கோலியாவின் சுரங்கங்களையும் உலான்-உதே நகரத்தையும் கடந்துதான் வருகிறது. அதில் வரும் அழுக்குக்கு அடையாளமாகக் காட்ட ஒரு புகைக்கூண்டு இல்லை, அவ்வளவுதான்.

மூட உத்தரவு, மூடாத ஆலை

1969, 1971, 1977 என்று பைக்காலைக் காக்க அரசு ஆணைகள் வந்துகொண்டே இருந்தன. ஆறுகளில் மரங்களைத் தனித்தனியாக மிதக்கவிட்டுக் கொண்டுவருவது நின்றது இவற்றின் உண்மையான பலன். மூழ்கிய மரங்கள் ஆற்றடியில் அழுகி, மீன் முட்டையிடும் இடங்களைக் கெடுத்துக்கொண்டிருந்தன. ஆலைக்குச் சுத்திகரிப்பு கூடியது, ஓட்டம் நிற்கவில்லை.

1987 ஏப்ரல் ஆணைதான் பெரிய திருப்பமாகத் தெரிந்தது. 1993-க்குள் கூழ் உற்பத்தியை நிறுத்திவிட்டு, ஆலையை மரச்சாமான் தயாரிப்புக்கு மாற்றவேண்டும். அதுவரை கழிவுநீரைக் குழாய்வழியே இர்கூட் ஆற்றுக்குத் திருப்பலாம். இர்கூட், அங்காராவில் கலப்பது இர்கூட்ஸ்க் நகரத்தில். நகர மக்கள் சும்மா இருப்பார்களா? கையெழுத்து இயக்கம், தெரு ஊர்வலம் என்று கிளம்பி அந்தக் குழாயை நிறுத்திவிட்டார்கள். சோவியத் ஒன்றியத்தில் தெருவுக்கு வந்து ஒரு திட்டத்தை மக்கள் நிறுத்தியது அப்போது பெரிய செய்தி. விளைவு என்னவோ விநோதம்: குழாய் வரவில்லை, கழிவு ஏரிக்கே போனது. 1991-இல் ஒன்றியம் கலைந்தது. 1993 வந்தது, போனது. மரச்சாமான் ஆலைக்குப் பணம் தர யாரும் இல்லை.

1996-இல் பைக்கால் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 1999-இல் ஏரிக்கென்றே ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. ஒரே ஏரிக்குத் தனிச்சட்டம் என்பது ரஷ்யாவில் வேறெங்கும் இல்லை. 2001-இல் அந்தச் சட்டத்தின்கீழ் ஏரியைச் சுற்றிய மையச் சூழல் மண்டலத்தில் என்னென்ன தொழில் செய்யக்கூடாது என்று பட்டியல் போட்டார்கள். சுற்றுநீரை வெளியே விடாத மூடிய முறை இல்லாமல் கூழ் தயாரிப்பதும் அதில் இருந்தது. எழுத்தில் ஆலை சட்டவிரோதம், நடப்பில் புகைக்கூண்டு புகைந்தது.

நகரம் பிணையாக

2008 இலையுதிர்காலத்தில் ஆலை கடைசியில் மூடிய சுழற்சிக்கு மாறியது. அதாவது, பயன்படுத்திய நீரையே திரும்பத் திரும்பச் சுத்திகரித்துப் பயன்படுத்தவேண்டும், ஏரிக்குள் ஒன்றும் போகக்கூடாது. செய்யமுடியாததா என்றால், இல்லை. செலெங்கா ஆற்றங்கரையில் இருந்த செலெங்கின்ஸ்க் ஆலை 1990 முதலே அப்படித்தான் ஓடியது. வித்தியாசம் சரக்கில். அவர்கள் செய்தது அட்டைப்பெட்டிக்கான வெளுக்காத கூழ். குளோரின் கொண்டு வெளுத்தால் மூடிய சுழற்சியில் குளோரைடு உப்பு சேர்ந்துகொண்டே போய் பாய்லர்களையும் குழாய்களையும் அரித்துவிடும். ஆகவே பைக்கால்ஸ்க்கும் வெளுக்காத கூழுக்கு இறங்கியது. அதற்குக் கிடைத்த விலை கட்டவில்லை. உலகப் பொருளாதார நெருக்கடியும் அதே மாதங்களில் வந்து சேர, 2008 முடிவதற்குள் ஆலை நின்றது.

சூழல் ஆர்வலர்கள் நாற்பது ஆண்டுகளாகக் கேட்டது நடந்துவிட்டது. அதற்கு யாரும் தயாராக இல்லை. இரண்டாயிரம் பேருக்கு வேலை தந்த ஒரே இடம் அது. ஊரின் மக்கள்தொகை 2010 கணக்கெடுப்பில் பதின்மூன்றாயிரத்துச் சொச்சம். சைபீரியக் குளிரில் வீடுகளுக்கு வெந்நீரும் வெப்பமும் வந்தது ஆலையின் அனல்மின் நிலையத்திலிருந்து. நகரத்தின் கழிப்பறை நீர் போனதும் ஆலையின் சுத்திகரிப்பு நிலையத்துக்கே. ஆலையை மூடினால் ஊரின் கழிவு எங்கே போகும் என்ற கேள்விக்கு 1961 முதல் யாரும் பதில் யோசிக்கவில்லை. 2009 கோடையில் சம்பள பாக்கி கேட்டுத் தொழிலாளர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அதே ஜூனில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குக் கிழக்கே பிக்கல்யோவோ என்ற இன்னொரு ஒற்றை ஆலை நகரத்தின் மக்கள் நெடுஞ்சாலையை மறித்து, பிரதமர் புதினையே வரவழைத்திருந்தார்கள். அங்கே ஆலையின் உரிமையாளர்களில் ஒருவர் பெருந்தொழிலதிபர் ஒலெக் டெரிபாஸ்கா. பைக்கால்ஸ்க் ஆலையில் அரசோடு பங்கு வைத்திருந்ததும் அவருடைய குழுமம். மாஸ்கோவுக்குப் புரியவேண்டியது புரிந்தது.

2009 ஆகஸ்ட் 1 அன்று புதின் 'மீர்-1' நீர்மூழ்கியில் ஏரியின் 1,400 மீட்டர் ஆழத்துக்குப் போய் வந்தார். ஏரி நல்ல நிலையில்தான் இருக்கிறது, ஆலையால் கேடு நேர்ந்ததாகத் தெரியவில்லை என்ற பொருள்படப் பேசினார். நீர்மூழ்கியின் சாளரம் வழியே கரிமக் குளோரினைக் கண்ணால் தேடினால் அகப்படாதுதான். 2010 ஜனவரி 13 அன்று வந்த அரசாணை, தடைப் பட்டியலில் இருந்து கூழ் உற்பத்தியை நீக்கியது. ஆலை திரும்ப ஓடியது, குளோரின் வெளுப்பும் திரும்பியது.

இர்கூட்ஸ்கில் பிப்ரவரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உறைபனியில் கூடினார்கள். அந்நகரத்துக்கு இதில் பழக்கம் உண்டு. 2006-இல் கிழக்கு சைபீரிய எண்ணெய்க் குழாயை ஏரிக்கரையில் இருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில் போடத் திட்டமிட்டபோது ஆயிரக்கணக்கில் திரண்டவர்கள் அவர்கள். அப்போது புதின் தொலைக்காட்சிக் கேமராக்கள் முன்னால் வரைபடத்தில் பேனாவால் கோடு போட்டு, குழாயைக் குறைந்தது 40 கிலோமீட்டர் வடக்கே தள்ளச் சொன்னார். அந்தப் போராட்டத்துக்காக 'பைக்கால் சூழல் அலை' அமைப்பின் மரீனா ரிக்வானவாவுக்கு 2008-இல் சூழல் போராளிகளுக்கான கோல்ட்மேன் விருது கிடைத்தது. 2010 ஜனவரியில், ஆலை ஆணை வந்த சில நாள்களில், அதே அமைப்பின் அலுவலகத்தில் போலீஸ் நுழைந்து கணினிகளை எடுத்துப்போனது. மைக்ரோசாஃப்ட் மென்பொருளை உரிமமின்றிப் பயன்படுத்துகிறார்கள் என்பது புகார். விஷயம் வெளியே வந்ததும் மைக்ரோசாஃப்ட் ரஷ்யத் தொண்டு நிறுவனங்களுக்கு இலவச உரிமமே அறிவித்துவிட்டது. அமைப்பு பிற்பாடு, வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகளுக்கு அரசு வைத்த 'வெளிநாட்டு முகவர்' பட்டியலில் சேர்க்கப்பட்டு, 2016-இல் கலைந்தது.

என் கணிப்பில் 2006-க்கும் 2010-க்கும் உள்ள வேறுபாடு இந்த வழக்கைப் புரிந்துகொள்ளும் சாவி. குழாயை 40 கிலோமீட்டர் தள்ளலாம். செலவு கூடும், அவ்வளவே. ஆலையை நகர்த்த முடியாது, ஏனெனில் அதற்குள் ஒரு ஊர் குடியிருக்கிறது. இரண்டு முறையும் ஏரியின் ஆழமும் அளவும் ஒன்றுதான். முடிவைத் தீர்மானித்தது ஏரி அல்ல.

கடைசியில் ஆலையை மூடியதும் ஏரியின் மேல் வந்த அக்கறையால் அல்ல. இயந்திரங்கள் கிழடு, கடன் மலை, கூழ் விலை கட்டவில்லை. 2013 தொடக்கத்தில் அரசு மூடலை அறிவித்தது. செப்டம்பரில் கூழ் உற்பத்தி நின்றது. அனல்மின் நிலையத்தை மட்டும், வீடுகளுக்கு வெப்பம் வேண்டுமே என்று தொடர்ந்து ஓட்டினார்கள்.

குழிகள்

சரி, ஆலை போய்விட்டது. போகாதது ஆறு மில்லியன் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு. பதினான்கு குழிகளில் லிக்னின் கசடும் சாம்பலும் கிடக்கின்றன. ஏரிக்கும் அவற்றுக்கும் இடையே சில நூறு மீட்டர். மேலே ஹமார்-தாபான் மலைச்சரிவு. 1971-இல் பெருமழையில் இந்த மலைகளில் இருந்து இறங்கிய சேற்றோட்டம் தென்கரையின் இரயில்பாதையையே சிதைத்தது. ஆலை ஓடிய காலத்தில் நஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. ஒரு சேற்றோட்டம் வந்தால் ஒரே இரவில் எல்லாம் போகும். அப்படிப் பார்த்தால் மூடிய ஆலை, ஓடிய ஆலையைவிட ஆபத்தானது.

கசடு கெட்டியான பொருளும் அல்ல. அதில் பெரும்பகுதி நீர், பிழிந்தாலும் விடாமல் பிடித்துவைத்திருக்கும் கூழ்மம். சிமென்ட் போன்ற பொருளைக் கலந்து அங்கேயே இறுக்கிவிடலாம் என்றது ஒரு திட்டம். சைபீரியக் குளிரிலேயே உறையவிட்டு, உருகும்போது நீரைப் பிரிக்கலாம் என்றார்கள் இர்கூட்ஸ்க் ஆய்வாளர்கள். எரித்துவிடலாம் என்ற யோசனைக்கு, டையாக்சின் காற்றில் போகுமே என்ற பதில் வந்தது. 2013-க்குப் பிறகு ஒப்பந்தம் ஒரு நிறுவனத்துக்குப் போனது, ரத்தானது, வேறொன்றுக்குப் போனது, அதுவும் மாறியது. 2020 இறுதியில் அணுசக்தி நிறுவனமான ரோசாட்டத்தின் சூழல் பிரிவிடம் பொறுப்பு வந்தது. குழிகளின் மேலே தேங்கி வழியப்பார்த்த நீரை எடுத்துச் சுத்திகரிக்கும் வேலையை அவர்கள் முதலில் எடுத்தார்கள். வரிசை சரிதான்: குழி நிரம்பி வழிவதும் கரை உடைவதும்தான் உடனடி அபாயம்.

பைக்கால்ஸ்க் இப்போது சுற்றுலாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சபோலினயா மலையில் பனிச்சறுக்கு உண்டு. ஊர்த் தோட்டங்களின் ஸ்ட்ராபெர்ரி இர்கூட்ஸ்க் வட்டாரத்தில் பெயர்பெற்றது. அதற்கு ஒரு திருவிழாவும் உண்டு. பழைய ஆலை நிலத்தில் ஆண்டு முழுவதும் இயங்கும் விடுதி நகரம் கட்ட மாஸ்கோவில் திட்டங்கள் வரைந்திருக்கிறார்கள்.

இங்கேதான் பழைய வகுத்தல் கணக்கு வேறு உருவில் திரும்புகிறது. 2011-ஐ ஒட்டி ஏரியின் பல கரைகளில் ஸ்பைரோகைரா என்ற இழைப்பாசி பாய்போலப் படரத் தொடங்கியதை ஏரியியல் நிறுவன ஆய்வாளர்கள் கண்டார்கள். கடற்பஞ்சுகள் நோய்பட்டு இறந்தன. மிக மோசமான இடங்கள் கூழ் ஆலை இல்லாத ஊர்கள்: லிஸ்ட்வியாங்கா, வடக்கே செவெரோபைக்கால்ஸ்க். விடுதிகளின் கழிவுக்குழிகள், முறையாக வேலைசெய்யாத சுத்திகரிப்பு நிலையங்கள், சோப்புத்தூளின் பாஸ்பேட் ஆகியவைதான் பாசிக்கு உணவு. ஒவ்வொரு விடுதிக்காரரும் தன் கழிவுக்குழியை 23,600 கன கிலோமீட்டரோடு வகுத்துப் பார்த்தால் விடை பூஜ்ஜியம்தான். ஐம்பது ஆண்டுகள் ஒரே ஒரு புகைக்கூண்டையே வில்லனாகப் பார்த்துப் பழகியதால், கரையோரக் கழிப்பறைகளை எண்ணும் பழக்கம் அதிகாரிகளுக்கும் வரவில்லை, போராடியவர்களில் பலருக்கும் வரவில்லை.

விடுதி நகரத்துக்கு அனுமதி தருவதற்கு முன் என்ன கேட்கவேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. பதினான்கு குழிகளும் காலியாகிவிட்டனவா? சேற்றோட்டத் தடுப்புகள் கட்டி முடிந்தனவா? ஊரின் கழிவுநீருக்கு நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் நீக்கும் சொந்தச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதா? மூன்றாவது கேள்வி 1961-லேயே கேட்கப்பட்டிருக்கவேண்டியது. அதற்கான நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு விடுதியின் முதல் அறைக்கு அடித்தளம் போட்டால் போதும்.